குரல் மட்டும் தெரிந்தவர்கள்

மைசூருக்கு டிரான்ஸ்ஃபர் என்றதும் ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், மைசூர் பாகு, சந்தன சோப்பு. வந்து மூன்று வருஷம் ஆகிறது. பார்க்க வருகிற விருந்தாளிகளை அரண்மனைக்கு அழைத்துப் போய்ப் போய் எனக்கே அங்கே கைடு வேலை கிடைத்துவிடும் போல. ஆனால் 'ஆகாசவாணி' என்கிற பேரே இந்த ஊர்ச் சரக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எங்கள் பிராஞ்ச் இருப்பது தேவராஜ மொஹல்லாவில். மொஹல்லா என்றால் நம்ம பக்கத்துப் பேட்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தேவராஜா மார்க்கெட். காலையில் அந்தப் பக்கம் நடந்தால் மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு ரசவாழை, குங்குமக் குவியல் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். ஒரு நவம்பர் மாசம், பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்க வரிசை கட்டும் நேரம். (வங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மாசத்தின் அருமை தெரியும்.) அந்த வரிசையில் வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும், "உங்க மெட்ராஸ் ரேடியோ எல்லாம் அப்புறம் சார். ஒரு வீட்டில் ரேடியோ ஸ்டேஷன் நடந்தது எங்க ஊரில்தான்" என்று ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் முப்பது பேர் காத்திருந்தார்கள். அவர் விடவில்லை. நல்லவேளை, விடவில்லை.

விஷயம் இதுதான். எம்.வி. கோபாலசாமி என்று ஒரு பேராசிரியர். லண்டனில் உளவியல் படித்துவிட்டு வந்து, 1924-ல் மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கியவர். பகலில் மகாராஜா கல்லூரியில் பாடம். அவருடைய வீட்டுக்குப் பெயர் விட்டல் விஹார். 1935 செப்டம்பர் 10-ம் தேதி அந்த வீட்டிலிருந்து ஒலிபரப்பு ஆரம்பமானது. முதலில் இருந்த டிரான்ஸ்மிட்டர் வெறும் 30 வாட். நம்ம வீட்டுப் பழைய டியூப் லைட்டே 40 வாட்! பிறகு 250 வாட் கருவி ஒன்றை வரவழைத்தார். இன்றைக்கு யாதவகிரியில் இருக்கிற மைசூர் நிலையத்திலிருந்து அந்த வீடு ஓர் இருநூறு கஜம் தூரம்தான் என்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது டிரான்ஸ்மிட்டர் கதை இல்லை. காலையில் மாணவர்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த மனுஷர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஸ்டேஷன் நடத்தினார் என்பதுதான். பேச வந்தவர்கள், பாட வந்தவர்கள் எல்லாருக்கும் வேறு பிழைப்பு இருந்தது. 'ஆகாசவாணி' என்று பேர் வைத்தது நா. கஸ்தூரி என்று பரவலாகச் சொல்கிறார்கள். அவர் யார் தெரியுமா? கேரளாவிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த வாத்தியார். தாய்மொழி மலையாளம். வந்த இடத்தில் கன்னடம் கற்றுக்கொண்டு, கன்னடத்திலேயே நகைச்சுவை எழுதிப் பேர் வாங்கினார். நம்மை மாதிரி வெளியூர்க்காரர்! என் பெண் மூன்றாவது மாசமே ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இன்னும் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி'யைத் தாண்டவில்லை. அதனால் கஸ்தூரி மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அந்த வீட்டு ஸ்டேஷனை 1942-ல் மைசூர் சமஸ்தானம் எடுத்துக்கொண்டது. 1955-ல் நிலையம் பெங்களூருக்குப் போனது. 1974-ல் மைசூருக்கு மறுபடி ஒரு நிலையம் வந்தது. பேர் மட்டும் நாடு முழுக்கப் போய்விட்டது. 1950-களில் மத்திய அரசின் வானொலி அதை எடுத்துக்கொண்டது. 2023 மே மாதம், ஆல் இந்தியா ரேடியோ என்ற பேரே வேண்டாம், ஆகாசவாணி மட்டும் போதும் என்று உத்தரவு போட்டார்கள். நம்மூரில் அந்தச் சொல்லைச் சிலருக்குப் பிடிக்காது, வானொலி என்றுதான் சொல்லுவார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

மெட்ராஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதற்கு முன்னாலேயே 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்தியது. காசு பற்றாமல் 1927-ல் நின்று போனது. பி.காம் படித்தவன் புத்தி, இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு முதலில் வருகிற கேள்வி, 'சம்பளம் யார் கொடுத்தார்கள்?' என்பதுதான். இந்த இரண்டு இடத்திலுமே ஆசைதான் முதலீடு.

நான் கோவில்பட்டிப் பையன். எண்பதுகளில் எங்கள் தெருவில் ரேடியோ ஓடாத வீடு கிடையாது. தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளில் கை வேலை செய்யும், காது ரேடியோவில் இருக்கும். காலை ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து, "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி". பள்ளிக்கூடத்தில் எவனாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி சொல்லிக் காட்டாத நாள் இல்லை. அவர் டெல்லியில் உட்கார்ந்து, இங்கிலீஷில் வருகிற செய்தியை அவசர அவசரமாகத் தமிழ்ப்படுத்தி, அதன் பிறகுதான் மைக் முன்னால் போவார் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரியும். டெல்லியில் அந்தப் பதவியே வாசிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்ததுதான். நாம் கேட்பது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக விடியும் முன்னே எழுந்து, இருட்டில் ஆபீசுக்கு வந்து, ஏதோ ஒரு நாட்டு மந்திரியின் பேரை எப்படி உச்சரிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வது கணக்கில் வராது. அவரும் ஊரைவிட்டு வெளியே வாழ்ந்த தமிழ்ப் பெண்தான். மும்பையில் 2022 ஆகஸ்டில் இறந்தார். செய்தி வந்த அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர் படத்தைப் போட்டார்கள். எங்கள் வீட்டில் முக்கால்வாசிப் பேர் அந்த முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவருக்கு முந்தின தலைமுறையில் பூர்ணம் விஸ்வநாதன். 1947 ஆகஸ்ட் 15-ல் சுதந்திரம் வந்த செய்தியைத் தமிழில் வாசித்தவர். எங்கள் தலைமுறைக்கு அவர் 'வருஷம் 16' தாத்தா, சுஜாதா நாடகங்களின் கதாநாயகர். செய்தி வாசித்துக்கொண்டே டெல்லியில் நாடகமும் போட்டவர். ஆபீஸ் விட்டதும் ஒத்திகை. என் மனைவி கேட்டாள், "அவருக்கு ரேடியோ வேலையா, நாடகம் வேலையா?" என்று. பதில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

டிவி வந்த பிறகு முகம் தெரிந்துவிட்டது என்று நினைத்தோம். தெரு முழுக்க இரண்டு டிவிதான். பெண்கள் ஷோபனா ரவியின் புடவையைப் பார்க்க வருவார்கள், செய்தி ஒரு சாக்கு. எச். ராமகிருஷ்ணன் என்று ஒரு செய்தி வாசிப்பாளர், ஞாபகம் இருக்கிறதா? கணீரென்ற குரல், நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார். நாங்கள் பார்த்தது மேஜைக்கு மேலே இருந்த பாதி ஆளைத்தான். சின்ன வயசிலேயே போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர் என்பது, 1992-ல் பாலசந்தரின் 'வானமே எல்லை' படத்தில் அவர் அவராகவே வந்தபோதுதான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. மிருதங்கமும் வாசிப்பார். படம் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் செய்தி வாசித்தபோது யாரும் பேசவில்லை, செய்தியைக் கேட்டார்கள். அதுவரை எங்கள் தெருவில் நடந்ததே இல்லை.

இலங்கை வானொலியைச் சொல்லாமல் விட்டால் தென்மாவட்டத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. எங்களுக்கு மெட்ராஸைவிட கொழும்பு பக்கம், சிக்னலும் அப்படித்தான். பி.எச். அப்துல் ஹமீதுக்கு நல்லகாலம், பின்னால் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியால் தமிழ்நாடு முழுக்க முகமும் தெரிந்தது. கே.எஸ். ராஜாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூச்சு விடாமல் அவர் பேசுகிற வேகத்துக்கு எங்கள் அண்ணன் பைத்தியம். சைக்கிளில் போகும்போதுகூட சினிமா விளம்பரத்தை அதே மாதிரி சொல்லிக்கொண்டு போவான். ராஜா 1989-ல் கொழும்பில் கொல்லப்பட்டார். எங்களுக்கு அது தெரியாது. குரல் வரவில்லை, அவ்வளவுதான். அலைவரிசை சரியில்லை என்று ஏரியலைத் திருப்பினோம். அப்புறம் வீட்டுக்கு டிவி வந்தது, ரேடியோ பரணுக்குப் போனது. பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு அண்ணன் எனக்கு போன் செய்தான். "ரிட்டயர் ஆகி எங்கேயோ நல்லா இருப்பாருன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றான். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குள் தினமும் வந்து போன ஆள் செத்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமானவருக்கு வருகிறேன். அவர் பேரும் சொல்ல மாட்டேன், அவர் எந்த நிலையம் என்பதும் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஜூன், காலேஜ் அட்மிஷன் நேரம். லோன் கவுன்டரில் ஒரு அம்மா. ஐம்பது வயசுக்குப் பக்கம் இருக்கும். சாதாரண காட்டன் புடவை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். எங்கள் அட்டெண்டர் டீ கொடுத்துக்கொண்டிருந்தவர், அந்த அம்மா வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். "மேடம், நீவு ரேடியோதவரல்வா?" என்றார். நீங்க ரேடியோக்காரங்கதானே? அவ்வளவுதான், பிராஞ்சே திரும்பிப் பார்த்தது. கேஷியர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த அம்மாவுக்கு வெட்கம். ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னிடம் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பர்சனல் லோன் வேண்டும், மூன்று லட்சம். பெண்ணுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. வழக்கம் போல நான் கேட்டேன், "சாலரி ஸ்லிப் இருக்கா மேடம்?"

"இல்லை சார். நான் கேஷுவல்."

வெளியில் நிறையப் பேருக்கு இது தெரியாது. ரேடியோவில் நாம் கேட்கிற குரல்களில் பெரும்பகுதி நிரந்தர ஊழியர்கள் இல்லை. ஆகாசவாணியை எடுத்துக்கொண்டால், கேஷுவல் அறிவிப்பாளர்களுக்கு மாதத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல் கொடுப்பதில்லை என்பது பல வருஷமாக இருக்கிற வழக்கம். ஒரு டியூட்டிக்கு இவ்வளவு என்று பணம். பி.எஃப், லீவு, மெடிக்கல் எதுவும் கிடையாது. நாடு முழுக்க இதற்காகப் பலர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். மாதம் பூராவும் வேலை கொடுத்தால் நாளைக்கு நிரந்தரம் கேட்பார்கள் என்கிற கணக்குதான் அந்த ஆறுக்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவன்தான். ஆனாலும் கொஞ்சம் கசக்கிறது.

இது இன்றைக்கு நேற்றைய கதையும் இல்லை. 1952-ல் ரேடியோ சிலோனுக்காக பினாகா கீத்மாலாவை ஆரம்பித்த அமீன் சயானிக்கு அப்போது வாரத்துக்கு 25 ரூபாய்தான் கொடுத்தார்கள். அவர் 2024 பிப்ரவரியில் இறந்தபோது நாடே கொண்டாடியது. அந்த 25 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு எந்த வங்கி மேனேஜரிடமாவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அந்த அம்மா இருபத்திரண்டு வருஷமாகப் பேசுகிறார். ஆறு டியூட்டி போக மீதி நாளில்? வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. பிளவுஸ், ஆல்டரேஷன். கல்யாண சீசனில் மேடையில் தொகுத்துப் பேசக் கூப்பிடுவார்கள். எப்போதாவது ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் குரல். கணவர் தவறி ஏழு வருஷம். "மார்க்கெட்டுல பூக்கார அம்மா ஒருத்தங்க ரேடியோ வெச்சிருப்பாங்க சார். நான் போனா அதிகமா பேச மாட்டேன், விரலைக் காட்டி ரெண்டு முழம் வாங்கிட்டு வந்துடுவேன். கண்டுபிடிச்சிட்டாங்கன்னா காசு வாங்க மாட்டாங்க. அது எனக்குச் சங்கடம்" என்றார்.

என் கையில் இருந்த பர்சனல் லோன் விதிகளின்படி அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வழியில்லை. மாசச் சம்பளம் வேண்டும், அது அக்கவுண்டில் வரவேண்டும். இருபத்திரண்டு வருஷக் குரலுக்கு அந்த ஃபார்மில் கட்டமே இல்லை. ஆனால் அவர் கேட்ட கடனே தப்பான கடன். பக்கத்து வீட்டில் யாரோ பர்சனல் லோன் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை படிப்புக்கு அது எதற்கு? கல்விக் கடன் இருக்கிறதே. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஏழரை லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கத் தேவையில்லை. கடன் பிள்ளை பேரில், பெற்றோரில் ஒருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. பர்சனல் லோனைவிட வட்டியும் குறைவு.

இதை நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அந்த அம்மா குறிப்பு எடுத்துக்கொண்டார். அழகான கையெழுத்து. நடுவில் ஒரு முறை நிறுத்தி, "சார், இதை நீங்க சொல்றதைவிட சுருக்கமா சொல்லலாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அறிவிப்பாளர் புத்தி! சொல்லியும் காட்டினார், நான் ஐந்து நிமிஷம் சொன்னதை நாற்பது செகண்டில்.

வருமானத்துக்கு ஏதாவது ஒரு தாள் வேண்டுமே. மூன்று வருஷ ஐ.டி. ரிட்டர்ன் வைத்திருந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை. டியூட்டிப் பணத்தில் டி.டி.எஸ் பிடிப்பதைத் திரும்ப வாங்குவதற்காக வருஷா வருஷம் ஃபைல் பண்ணுவாராம். அதை விரித்துப் பார்த்தால், அவருடைய வருமானத்தில் ரேடியோ கால் பங்குகூட இல்லை. தையல்தான் குடும்பத்தை ஓட்டுகிறது.

கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும்போது 'தொழில்' என்று ஒரு கட்டம். எழுத முடியாது, பட்டியலில் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளக்காரர், சுயதொழில், விவசாயம், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர், இதர. ஸ்கிரீனைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். "இதரன்னு போடட்டுமா மேடம்? பக்கத்துல 'அறிவிப்பாளர்'னு டைப் பண்ண இடம் இருக்கு."

கொஞ்சம் யோசித்தார்.

"அப்படிப் போட்டா மேலே யாராவது கேள்வி கேட்பாங்களா சார்?"

கேட்பார்கள். நான் பொய் சொல்லவில்லை. என்ன நிலையம், என்ன காண்ட்ராக்ட், கடிதம் எங்கே என்று ரீஜினல் ஆபீசிலிருந்து திரும்பி வரும். பத்து நாள் போகும். காலேஜில் பணம் கட்டக் கடைசித் தேதிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"அப்போ சுயதொழில், தையல்னு போட்டுக்குங்க" என்றார். போட்டேன்.

கடன் ஆறாவது நாள் சாங்ஷன் ஆனது. கடிதம் வாங்க மகளோடு வந்திருந்தார். நல்ல பெண், அம்மாவின் குரல் அப்படியே. அட்டெண்டர் விடவில்லை, டீ கொடுத்து உட்கார வைத்து, அடுத்த டியூட்டி எப்போது என்று கேட்டார். வியாழக்கிழமை காலை, ஆறு மணியிலிருந்து என்றார் அந்த அம்மா. அந்த வியாழக்கிழமை கேஷியர் மொபைலில் ரேடியோவை வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாராம். நான் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடும் அவசரத்தில் பாதிதான் கேட்டேன். சரியான நேரம் சொன்னார், வானிலை சொன்னார், அன்றைக்குக் காலமான ஒரு பாடகருக்கு அஞ்சலியாக ஒரு பாட்டுப் போட்டார். தன் பேரை மட்டும் ஒரே ஒரு தடவை, முடிக்கும்போது சொன்னார்.